ஸ்பெயினின் வானிலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சில ஆண்டுகளாக இரவில் விண்பயண சிமுலேட்டர் ஆடிவருகிறேன். முதலில் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம், இப்போது ஆர்பிட்டர். ஒரு கலத்தைத் தரையிலிருந்து கிளப்பிச் சுற்றுப்பாதையில் நிறுத்தி, நிலையத்தோடு இணைத்து முடித்தால் கிடைக்கும் நிறைவு எனக்கு வேறெதிலும் இல்லை. இன்னொன்று, வானிலை. யாரோடு பேசினாலும் பேச்சு காற்றழுத்தத்துக்கும் மேகத்துக்கும் போய்விடும். மூன்றாவது, விடுமுறை கிடைத்தால் காரை எடுத்துக்கொண்டு ஐரோப்பாவில் நாடு நாடாக ஓட்டுவது. "ராத்திரி ராக்கெட், பகலில் மழைப் பேச்சு, லீவில் ஊர் சுற்றல். எதிலும் ஆழமில்லை" என்கிறார்கள் வீட்டில். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவதுதான் சரியா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

எதையும் விடாதீர்கள். நீங்கள் மூன்று என்று நினைப்பது எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

2002 நவம்பர் 22 அன்று ஃப்ளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்தில் எண்டெவர் விண்வெளி ஓடம் (ஷட்டில்) கிளம்பக் காத்திருந்தது. அன்று அது கிளம்பவில்லை. ஏவுதலைத் தள்ளிப்போட வைத்தது அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், ஸ்பெயினில் இருந்த மோசமான வானிலை. மறுநாள்தான் அனுமதி கிடைத்தது.

ஃப்ளோரிடாவிலிருந்து ஏறும் ஷட்டிலின் என்ஜின் வழியில் நின்றுவிட்டால், திரும்பி வரவும் முடியாமல் சுற்றுப்பாதையை எட்டவும் முடியாமல் போகும் ஒரு கட்டம் உண்டு. அப்போது கலம் அட்லாண்டிக்கைத் தாண்டி அந்தக் கரையில் இறங்க வேண்டும். கிளம்பி முக்கால் மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அதற்காக ஸ்பெயினில் சரகோசா, மோரோன் என்று இரண்டு விமானத்தளங்களையும், பின்னாளில் பிரான்சில் மார்செய் அருகே இஸ்த்ர் தளத்தையும் தயாராக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஏவுதலுக்கும் அங்கே ஆட்கள் போய்க் காத்திருப்பார்கள். இந்தத் தளங்களில் ஒன்றிலாவது வானிலை சரியாக இருந்தால்தான் ஃப்ளோரிடாவில் அனுமதி. 1981 முதல் 2011 வரை ஷட்டில்கள் 135 முறை பறந்தன. ஒரு முறைகூட இந்தத் தளங்களில் இறங்க நேரவில்லை. ஆனாலும் கடைசிவரை அந்த விதியைத் தளர்த்தவில்லை.

விண்கலம், வானிலை, ஐரோப்பிய மண். உங்கள் ஆர்வங்கள் மூன்றும் அந்த ஒரு முடிவுக்குள் இருந்தன. அதனால்தான் இதை முதலில் சொன்னேன்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். "பொம்மை" என்று நினைப்பவர்களை உட்கார்த்தி வைத்து ஒரு டாக்கிங்கை, அதாவது இரண்டு கலங்கள் விண்ணில் இணைவதைக் காட்டுங்கள். முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் பாதை தாழும், தாழ்ந்த பாதையில் சுற்று சீக்கிரம் முடியும், கீழேயே ஓடி நெருங்கிவிட்டுப் பிறகு மேலே ஏற வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, கைக்கு வருவது வேறொன்று. 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட், தங்களை ஏற்றிவந்த ராக்கெட்டின் கழன்ற அடுக்கை நெருங்கப் பார்த்தார். தேர்ந்த விமானி அவர். விமானி செய்வதைத்தான் செய்தார்: மூக்கை அதை நோக்கித் திருப்பி உந்தினார். அது விலகிக்கொண்டே போனது. எரிபொருள் கரைந்ததும் முயற்சியைக் கைவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி 6ஏ, ஜெமினி 7 கலத்தை ஓரடி தூரம்வரை நெருங்கி நின்றது. இடைப்பட்ட ஆறு மாதத்தில் விண்வெளி வீரர்கள் எதைக் கையில் பழக்கினார்களோ, அதைத்தான் நீங்கள் இரவில் பழகுகிறீர்கள். அவர்களும் சிமுலேட்டரில்தான் பழகினார்கள்.

நீங்கள் கெர்பலிலிருந்து ஆர்பிட்டருக்குப் போன வரிசை நல்ல வரிசை. கெர்பலின் கெர்பின் கோள் 600 கிலோமீட்டர் ஆரம் கொண்டது. பூமியின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் விநாடிக்கு 2.3 கிலோமீட்டர் வேகம் வந்தாலே சுற்றுப்பாதை கிடைத்துவிடும். பூமிக்கு ஏறக்குறைய 7.8 வேண்டும். கற்றுக்கொள்ள அந்தச் சின்ன உலகம் மிக நல்லது. தவறு செய்து, வெடித்து, மறுபடி ஏவ நேரம் ஆகாது. ஆனால் கெர்பலில் ஒரு நேரத்தில் ஒரு கோளின் ஈர்ப்புதான் கலத்தை இழுக்கும். பூமியும் நிலவும் சேர்ந்து இழுக்கும் இடங்களின் நுட்பம் அங்கே கிடைக்காது. ஆர்பிட்டரில் கிடைக்கும். மார்ட்டின் ஷ்வைகர் என்ற அறிவியலாளர் 2000-இல் வெளியிட்டு, இலவசமாகவே கொடுத்துவந்து, 2021-இல் மூலநிரலையும் திறந்துவிட்ட சிமுலேட்டர் அது. இவ்வளவு காலம் ஒருவர் இப்படி உழைத்துக் கொடுத்ததற்கு நாம் நன்றி சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

இரண்டுக்கும் ஒரு பொதுக் குறை உண்டு. அங்கே வானிலை நம்மைத் தடுப்பதில்லை. கெர்பலில் மாட் என்னும் கூடுதல் நிரலைப் போடாவிட்டால் மேகமும் கிடையாது, காற்றும் வீசாது. ஆர்பிட்டரிலும் ஏவுதளத்தின் மேல் இடிமேகம் வந்து நின்று "இன்று இல்லை" என்று சொல்வதில்லை. நினைத்த நொடியில் கிளம்பலாம். நிஜ விண்பயணத்தின் முக்கால்வாசி அனுபவமான காத்திருப்பு, திரையில் அறவே இல்லாமல் போய்விடுகிறது. அந்தக் குறையை நிரப்புவது உங்கள் இரண்டாவது ஆர்வம்தான்.

அப்போலோ 12 கிளம்பியது 1969 நவம்பர் 14 அன்று, மழை மேகத்துக்குள். முதல் ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முறை மின்னல் தாக்கியது. கட்டுப்பாட்டு அறையில் தரவெல்லாம் குழம்பிவிட்டது. ஜான் ஆரன் என்ற இளம் பொறியாளர் எந்த சுவிட்சைப் போட வேண்டும் என்று சொல்லி மீட்டார். பலரும் கதையை அங்கே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது காரணம். அந்த நேரத்தில் அந்த மேகம் தானாக மின்னவில்லை. உயரமான ராக்கெட்டும் அதன் பின்னால் நீண்ட சூடான வாயுத் தாரையும் சேர்ந்து, மேகத்துக்கும் தரைக்கும் இடையே ஒரு கம்பி போலாகி மின்னலை வரவழைத்துவிட்டன. அதனால்தான் இன்றும் கண்ணுக்கு மின்னல் தெரியாத நாள்களில்கூட, மேகத்தின் வகையையும் தடிமனையும் பார்த்து ஏவுதலை நிறுத்துகிறார்கள். மேகத்தைப் பற்றி நீங்கள் பேசுவது வெட்டிப் பேச்சு என்று யாராவது சொன்னால், அதே பேச்சைத்தான் ஏவுதள வானிலை அதிகாரி ஒவ்வொரு முறையும் பேசுகிறார் என்று சொல்லுங்கள்.

வானிலை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரோடு முடிந்துவிடுவதும் இல்லை. சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் மேல் வளிமண்டலம் சூடாகி விரிகிறது. தாழ்வான பாதையில் போகும் கலங்களுக்கு இழுவை கூடுகிறது. ஸ்கைலேப் நிலையம் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே 1979 ஜூலையில் விழுந்ததற்கு அதுவே காரணம்.

இனி சாலை. உங்கள் கடிதத்தில் வழித்தடம் எதுவும் எழுதவில்லை. ஆகவே நான் ஒன்று சொல்கிறேன். இந்தப் பயணத்தில் உங்கள் மற்ற இரண்டு ஆர்வங்களும் பின்சீட்டில் கூடவே வரும்.

ஜெர்மனியின் எசனில் தொடங்குங்கள். கெர்பலிலும் ஆர்பிட்டரிலும் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாற நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஹோமன் மாற்றுப்பாதையைக் கண்டவர் வால்டர் ஹோமன். அவர் வாழ்ந்த ஊர் அது. நகராட்சியில் கட்டுமானப் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் கோள்களுக்குப் போகும் வழியைக் கணக்குப் போட்டவர். 1925-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். ராக்கெட் எதுவும் விண்ணுக்குப் போயிராத காலம். செவ்வாய்க்கு அந்தப் பாதையில் எட்டரை மாதம் ஆகும், வாய்ப்பான நேரம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். அவர் கணக்கை இன்னும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. "ஆழமில்லை" என்பவர்களுக்கு அவர் ஒருவரே போதும். எசனில் இன்னொரு சிறப்பும் உண்டு. அதன் அட்சரேகை ஏறக்குறைய 51.5. சர்வதேச விண்வெளி நிலையத்தின் பாதைச் சாய்வு 51.6 டிகிரி. அதாவது நிலையம் வடக்கே ஏறி, கிழக்கே திரும்பி, மறுபடி தெற்கே சரியத் தொடங்கும் விளிம்புக்கோடு கிட்டத்தட்ட அந்த ஊரின் தலைக்கு மேல் போகிறது.

அங்கிருந்து தெற்கே டார்ம்ஸ்டாட். ஐரோப்பிய விண்வெளி முகமையின் கட்டுப்பாட்டு மையம் அங்கேதான். ரொசெட்டா விண்கலத்தை 2004 முதல் பத்தாண்டுகள், பூமியையும் செவ்வாயையும் ஒட்டிப் பறக்கவைத்து ஒரு வால்மீனுக்கு ஓட்டிச் சென்றவர்கள். ஐரோப்பாவின் வானிலைச் செயற்கைக்கோள்களை நடத்தும் யூமெட்சாட்டும் அதே ஊர். உங்களைப் போன்றவருக்கு அதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. அடுத்து ஷ்பையர் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் சோவியத்தின் ஷட்டிலான புரானின் சோதனைக் கலம் நிற்கிறது. ரைன் ஆற்றில் படகில் வந்து சேர்ந்தது. உள்ளே ஏறிப் பார்க்கலாம்.

பிறகு சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்து கோட்ஹார்ட் சுரங்கச் சாலை. 1980-இல் திறந்தது, 16.9 கிலோமீட்டர். இதைத் தெற்குக் காற்று வீசும் நாளில் கடந்து பாருங்கள். வடக்கு வாயிலான கோஷனனில் வறண்ட, வெதுவெதுப்பான காற்று கார் கதவைப் பிடுங்கும். கால் மணி நேரத்தில் தெற்கே ஐரோலோவில் வெளியே வந்தால் மழை. தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையேறும்போது மேகமாகி மழையாய்க் கொட்டுகிறது. மேகம் உருவாகும்போது வெளிப்படும் வெப்பம் காற்றை அதிகம் குளிரவிடாமல் காக்கிறது, கிலோமீட்டருக்கு ஆறு டிகிரிதான் குறையும். ஈரத்தை இழந்து வடக்கே இறங்கும்போது கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி வீதம் சூடாகும். இந்த வித்தியாசத்தால் வருவதுதான் ஃபோன் (Föhn) காற்று. புத்தகத்தில் ஒரு பக்கப் படமாக இருப்பதை நீங்கள் ஒரு சுரங்கத்தின் இரண்டு வாயில்களிலும் முகத்தில் வாங்கிக்கொள்ளலாம். கோடையில் மேலே உள்ள கணவாய்ச் சாலையும் திறந்திருக்கும், 2,106 மீட்டர். ஏறும்போது மேகத்துக்குள் நுழைந்து வெளியேறுவதையே பார்க்கலாம். எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும்.

அங்கிருந்து ரோன் பள்ளத்தாக்கு வழியாக இஸ்த்ர். விமானத்தளம் ராணுவத்துடையது, உள்ளே விடமாட்டார்கள். அதனால் ஒன்றும் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது காற்றை. ஆல்ப்ஸுக்கும் பிரான்சின் நடுமலைகளுக்கும் இடையே நெருக்குண்டு வேகம் பிடித்துவரும் மிஸ்ட்ரால் அங்கே வடக்கு வடமேற்கிலிருந்து வீசும். இஸ்த்ர் ஓடுபாதையின் ஒரு முனையின் எண் 33, அதாவது திசைகாட்டியில் 330 டிகிரி, மிஸ்ட்ரால் வரும் திசை. அடுத்து ஒரு முழு நாள் ஓட்டத்தில் சரகோசா. அங்கே பிரெனே மலைக்கும் ஐபீரிய மலைகளுக்கும் நடுவே எப்ரோ பள்ளத்தாக்கில் ஓடிவரும் காற்றின் பெயர் சியெர்சோ, வடமேற்குக் காற்று. ஓடுபாதையின் எண் 30. காற்றுக்கு நேர் எதிராக இறங்கினால் குறுக்குக் காற்று கலத்தைத் தள்ளாது. எந்திரம் இல்லாமல் மிதந்து இறங்கும், மறுபடி மேலேறிச் சுற்றிவர முடியாத ஷட்டிலுக்குக் குறுக்குக் காற்று பெரிய ஆபத்து. அவசரத்துக்கு இறங்க அந்தத் தளங்களைத் தேர்ந்தபோது, அவை ஏற்கெனவே காற்றுக்கு முகம் காட்டி நின்றிருந்தன.

லெய்தாவிலிருந்து சரகோசா போகும் நெடுஞ்சாலையில் மோனெக்ரோஸ் வறண்ட நிலத்தின் நடுவே சாலைக்கு மேல் ஒரு வளைவு நிற்கும். கிரீன்விச் தீர்க்கரேகையைக் குறிக்கும் வளைவு அது. ஆர்பிட்டரின் வரைபடத்தில் உங்கள் கலம் பூஜ்ஜியத்தைக் கடக்கும் கோட்டைக் காரில் கடப்பீர்கள். இஸ்த்ரிலிருந்து சரகோசாவரை நீங்கள் ஒரு நாள் ஓட்டும் தூரத்தை நிலையம் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் கடந்துவிடும்.

திரும்பி வந்ததும் ஆட்டத்தில் ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்பிட்டரில் அட்லாண்டிஸ் ஷட்டில் இருக்கிறது. அதை ஏவுவதற்கு முன் சரகோசா, மோரோன், இஸ்த்ர் மூன்றின் அன்றைய விமான வானிலை அறிக்கையைப் பாருங்கள். எல்.இ.இசட்.ஜி., எல்.இ.எம்.ஓ., எல்.எஃப்.எம்.ஐ. என்ற அவற்றின் குறியீடுகளைத் தேடினால் கிடைக்கும். ஓடுபாதையின் திசையையும் காற்றின் திசையையும் வைத்துக் குறுக்குக் காற்றைக் கணக்கிடுங்கள். 15 நாட் (மணிக்குக் கடல்மைல்) வேகத்துக்கு மேல் என்றாலோ, அருகே மழை என்றாலோ அந்தத் தளம் கணக்கில் இல்லை. மூன்றும் விழுந்தால் அன்று ஏவாதீர்கள். கணினியை அணைத்துவிட்டு மறுநாள் வாருங்கள். முதல் வாரத்தில் எரிச்சலாக இருக்கும். பிறகு அந்த மூன்று ஊர்களின் வானத்தை நீங்கள் பார்த்திருப்பதால், அறிக்கையில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு இடமும் ஒரு காற்றும் உண்டாகிவிடும்.

வீட்டில் உள்ளவர்களையும் அந்தப் பயணத்துக்கு அழைத்துப் போங்கள். கணவாய்ச் சாலை ஜூனுக்குப் பிறகுதான் நிச்சயமாகத் திறந்திருக்கும், ஆகஸ்டில் சுரங்க வாயிலில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். செப்டம்பர் நல்லது.

அன்புடன்,
ஆசிரியர்