வேதாகமத்தின் நீதிமொழிகள் நூலில் 'சண்டை' என்று வரும் இடத்தில் எபிரெயச் சொல் என்ன? அதன் பொருள் என்ன?

பெரும்பாலும் அது 'மாதோன்'. 15:18, 17:14, 26:20 மூன்றிலும் இதே சொல்தான். 'தீன்' என்ற வேரிலிருந்து வந்தது. அந்த வேருக்கு நியாயம் தீர்ப்பது, வழக்காடுவது என்று பொருள். தானியேல் என்ற பெயரில் இருப்பதும் அதே வேர்தான்: 'கடவுள் என் நியாயாதிபதி'. ஆக மாதோன் என்பது கைகலப்பு அல்ல. 'நான் சொல்வதே சரி' என்று இரண்டு பேர் மல்லுக்கு நிற்கும் நிலை. நம் ஊரில் 'வம்புவழக்கு' என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

17:14-ஐக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மாதோனின் தொடக்கம் தண்ணீரைத் திறந்துவிடுவது போல என்கிறது மூலம். தமிழ் வேதாகமம் அங்கே 'மதகு' என்று போட்டிருக்கிறது. மூலத்தில் மதகு இல்லை, ஆனாலும் அருமையான தேர்வு. ஏரிப்பாசனம் தெரிந்தவருக்கு உடனே புரியும். அதே வசனத்தின் பிற்பகுதியில் வேறு சொல் வருகிறது: 'ரீவ்'. வாய்த்தகராறுக்கும் நீதிமன்ற வழக்குக்கும் அந்த ஒரே சொல்தான். கசிவாகத் தொடங்குவது மாதோன், அது முற்றி வெடிப்பதற்கு முன்பே ரீவை விட்டுவிடு என்கிறார் ஞானி.

அப்புறம், 21:9-இல் வரும் 'சண்டைக்காரி' கூட இதே குடும்பத்துச் சொல்தான்.