வரைபடத்தை வாங்கிக்கொண்டு வேறு ஆளிடம் போய்விட்டார்கள் என்றால்

கல்யாண மேடை அலங்காரம் செய்யும் நீங்கள் மூன்று முறை மேடை வரைபடம் மாற்றிக் கொடுத்தும், கல்யாண வீட்டார் அதையே வேறு அலங்காரக்காரரிடம் காட்டிக் குறைந்த விலைக்கு முடித்துக்கொண்டார்கள் என்கிறீர்கள். எனக்கும் தொடக்கத்தில் நடந்ததுதான். பின்னால் கல்யாணப் படத்தைப் பார்த்தால் நான் வரைந்த வளைவு அப்படியே நிற்கிறது, பூ மட்டும் பிளாஸ்டிக்!

முன்பணம் வரும்வரை வரைபடமே போடாதீர்கள். முதல் சந்திப்புக்கு நிறங்கள், துணி மாதிரி, பழைய வேலைகளின் படங்கள் போதும். வடிவமைப்புக்குத் தனிக் கட்டணம், எத்தனை திருத்தம் அதில் அடக்கம், அதற்கு மேல் எவ்வளவு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அப்புறம், நீள அகலம் குறித்த தாளை வாட்ஸாப்பில் அனுப்பவே வேண்டாம், நேரில் காட்டுங்கள். கைவிட்டுப் போன இந்த வேலைக்கு, செலவான நேரத்தைக் கணக்கிட்டு ஒரு பில் அனுப்பிப் பாருங்கள். எழுத்தில் எதுவும் இல்லாததால் பணம் வருவது சந்தேகம்தான்.