இது எப்படி இன்னும் இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பயணக் குறிப்புகளை விடாமல் வாசித்து வருபவள் நான். போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கினேன். இருபத்தேழு வருட வேலைக்குப் பிறகு கையில் கொஞ்சம் பணமும் நிறைய நேரமும் இருக்கிறது. நானும் அக்காவும் சேர்ந்து உலகத்தில் சில இடங்களையாவது பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். ஏற்கெனவே ஒரு பேக்கேஜ் டூரில் பத்து நாளில் ஏழு நகரங்கள் போய் வந்தோம். இன்றைக்கு எந்தக் கோபுரம் எந்த ஊர் என்பதைப் போட்டோவில் இருக்கும் தேதியை வைத்துத்தான் சொல்ல முடிகிறது. "பார்த்தே ஆக வேண்டிய நூறு இடங்கள்" பட்டியல்களும் சலித்துவிட்டன. மனதை நிமிர்த்துகிற, திரும்பி வந்த பிறகும் கூடவே இருக்கிற சில இடங்களைச் சொல்ல முடியுமா? அக்காவுக்கு முழங்கால் வலி உண்டு. இன்னொன்று, எல்லாம்தான் வீடியோவில் தெளிவாக வந்துவிடுகிறதே, நேரில் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்புடன்,
ஆர்

அன்புள்ள ஆர்,

போட்டோ தேதியைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. உங்கள் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நாற்பது நிமிடத்தில் திரும்ப ஏறச் சொன்னால் யாருக்கும் எதுவும் தங்காது. அந்த ஏழு நகரங்களும் நல்ல நகரங்களாகத்தான் இருந்திருக்கும், உங்களை அங்கே இருக்க விடவில்லை, அவ்வளவுதான்.

நான் ஒரு இடத்துக்குப் போகலாமா என்று யோசிக்கும்போது ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொள்வேன். இது எப்படி இன்னும் இருக்கிறது? அழகான இடங்களுக்கு உலகத்தில் பஞ்சமே இல்லை. ஆனால் போயிருக்க வேண்டிய ஒன்றைப் போகவிடாமல் யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள், இடிந்ததைத் திரும்ப எடுத்துக் கட்டியிருக்கிறார்கள் என்றால், அந்த மாதிரி இடத்தில் நிற்கும்போது எனக்குள் ஏதோ நிமிர்கிறது. நீங்கள் கேட்பதும் அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மோஸ்தாரில் இருந்து ஆரம்பிக்கிறேன். பொஸ்னியாவில் நெரத்வா என்ற பச்சை நிற ஆற்றின் மேல் ஒரே வளைவாக நிற்கிற கல்பாலம். உஸ்மானியத் துருக்கியர் ஆட்சியில் மிமார் ஹைருதீன் என்ற கட்டடக் கலைஞர் 1566-ல் கட்டி முடித்தது. பாலத்தைக் காவல் காத்தவர்களுக்கு மோஸ்தாரி என்று பெயர், ஊருக்கும் அதிலிருந்துதான் பெயர் வந்தது. 427 வருடம் நின்ற அந்தப் பாலத்தை 1993 நவம்பர் 9-ம் தேதி, போர் நடந்துகொண்டிருந்தபோது, பீரங்கியால் அடித்து ஆற்றில் தள்ளினார்கள். போர் முடிந்த பிறகு முக்குளிப்பவர்களை இறக்கி ஆற்றின் அடியில் கிடந்த கற்களை மேலே எடுத்தார்கள், அவற்றில் பெரும்பாலானவை திரும்ப வைக்க முடியாதபடி சிதைந்திருந்தன. சரி, அதே வகைக் கல்லை அக்கம்பக்கத்தில் வெட்டி எடுப்போம் என்று எடுத்து, பழைய முறையிலேயே இரும்புப் பட்டைகளால் இணைத்து, இடைவெளியில் ஈயத்தை உருக்கி ஊற்றிக் கட்டினார்கள். 2004 ஜூலையில் பாலம் திறந்தது.

நான் அங்கே போனது மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு சாயங்காலம். அந்தப் பாலம் சமதளம் கிடையாது, கூரை மாதிரி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும். கல் வழவழவென்று இருக்கும். கால் வழுக்காமல் இருக்கக் குறுக்கே வரிவரியாகக் கல் விளிம்புகளைப் புடைக்க வைத்திருக்கிறார்கள். நான் ஓரச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன். ஒரு பாட்டி இரண்டு கையிலும் பையோடு என்னைத் தாண்டிப் போனார். கீழே குனிந்து பார்க்கவே இல்லை. அடுத்த வரி எங்கே வரும் என்று அவர் பாதத்துக்குத் தெரிந்திருந்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவர் வயதுக்குப் பழைய பாலத்தில் நடந்திருப்பார், அது இல்லாத பதினொரு வருடத்தைப் பார்த்திருப்பார், புதுப் பாலத்துக்குக் காலைப் பழக்கிக்கொண்டிருப்பார். ஒரே ஆயுளில்!

பாலம் வந்ததும், போரில் இரண்டாகப் பிரிந்த ஊர் ஒட்டிக்கொண்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். 2008-க்கும் 2020-க்கும் நடுவில் மோஸ்தாரில் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை, அந்த அளவுக்கு இழுபறி. கல்லை ஒட்டுவதைவிட மனிதர்களை ஒட்டுவது கஷ்டம் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனாலும் பாலத்தைக் கட்டிவிட்டார்கள். எல்லாம் சரியாகட்டும், பிறகு கட்டலாம் என்று உட்கார்ந்திருக்கவில்லை. எனக்கு அது பெரிய விஷயம். போனால் ராத்திரி அங்கேயே தங்குங்கள். பக்கத்து நாட்டுக் கடற்கரை ஊர்களிலிருந்து பகல் பயணமாக வருகிற கூட்டம் மத்தியானம் பாலத்தை நிறைத்துவிடும், சாயங்காலத்துக்குள் போய்விடும்.

வீடியோ கேள்விக்கு என் பதிலும் இங்கேயே இருக்கிறது. மோஸ்தார் பாலத்தை நான் போவதற்கு முன்னால் எத்தனையோ வீடியோவில் பார்த்திருந்தேன். எல்லாமே தூரத்திலிருந்து வளைவைத்தான் காட்டின. காலுக்குக் கீழே அந்த வரிகள் இருக்கின்றன என்று எனக்கு எதுவும் சொல்லவில்லை. போய் நின்றால்தான் இடத்துக்கு எடை வருகிறது.

அடுத்து போலந்தின் தலைநகர் வார்சா. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1944-ல் அந்த நகரத்து மக்கள் ஜெர்மன் படைகளை எதிர்த்து 63 நாள் போராடித் தோற்றார்கள். அதற்குப் பிறகு ஜெர்மானியர்கள் மிச்சம் இருந்த நகரத்தையும் தெருத் தெருவாகக் கொளுத்தியும் வெடி வைத்தும் அழித்தார்கள். பழைய நகரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. இப்போது நீங்கள் அந்தச் சதுக்கத்தில் நின்றால் மஞ்சளும் சிவப்புமாக வரிசையாக வீடுகள், எல்லாமே திரும்பக் கட்டியவை. எதைப் பார்த்துக் கட்டினார்கள் தெரியுமா? பெர்னார்தோ பெலோத்தோ என்ற ஓவியர் பதினெட்டாம் நூற்றாண்டில் வரைந்த நகரக் காட்சிகள் கைகொடுத்தன. கூடவே, போருக்கு முன்னால் கட்டடக்கலை மாணவர்கள் வீடு வீடாக அளவெடுத்துப் போட்டு வைத்திருந்த வரைபடங்கள். அந்த அளவுகளை எடுத்தபோது, ஊரே அதை நம்பித் திரும்ப எழும் என்று எந்த மாணவரும் நினைத்திருக்க முடியாது. யுனெஸ்கோ 1980-ல் இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

"அதெல்லாம் நகல்தானே" என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வீட்டை இழந்த மக்கள் செங்கல் குவியலைக் கையால் பொறுக்கி அடுக்கி எழுப்பிய ஊரை நகல் என்று எப்படிச் சொல்வது? சமதளமான ஊர், நிறைய உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கலாம், அக்காவுக்குச் சிரமம் இருக்காது. அதிகாலையில் சதுக்கத்துக்குப் போய்விடுங்கள்.

அபூ சிம்பலைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எகிப்தின் தெற்கு எல்லையை ஒட்டி, இரண்டாம் ராம்சேஸ் மூவாயிரம் வருடத்துக்கு முன்பு மலையைக் குடைந்து அமைத்த கோயில்கள். அஸ்வானில் பெரிய அணை கட்டினால் இவை நீரில் மூழ்கிவிடும் என்ற நிலை வந்தது. 1964-லிருந்து 1968 வரை மொத்தக் கோயிலையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, 65 மீட்டர் உயரத்தில் புதிய இடத்துக்குத் தூக்கி, அதே திசை பார்த்துத் திரும்பப் பொருத்தினார்கள். வருடத்தில் இரண்டு நாள் சூரிய ஒளி வாசல் வழியாக நுழைந்து கருவறை வரை போய் அங்கே உட்கார்ந்திருக்கும் நான்கு சிலைகளில் மூன்றின் மேல் விழும். நான்காவது ப்தா, இறந்தோர் உலகத்தோடு சம்பந்தப்பட்ட தெய்வம், அவர் மட்டும் நிழலிலேயே இருப்பார். இடம் மாறிய பிறகும் அந்த ஒளி வருகிறது, இப்போது பிப்ரவரி 22, அக்டோபர் 22. அந்த நாட்களில் கூட்டம் தாங்காது, அதனால் வேறு நாளில் போங்கள். பெரும்பாலோர் அஸ்வானிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி மூன்று நான்கு மணி நேரம் பாலைவனத்தில் வந்து, இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். திரும்ப அதே பஸ் கதை உங்களுக்கு வேண்டாம், ஒரு ராத்திரி தங்குங்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் அழிவு வந்தபோது எழுந்து நின்றவர்களின் இடங்கள். ஜப்பானில் இசே கோயில் நேர்மாறு. அங்கே இருபது வருடத்துக்கு ஒருமுறை பக்கத்திலேயே காலியாக வைத்திருக்கும் மனையில் புது மரத்தில் அதே கோயிலை எழுப்பிவிட்டு, பழையதை அவர்களே பிரித்துவிடுகிறார்கள். 2013-ல் நடந்தது 62-வது முறை. அடுத்தது 2033. இருபது வயதில் எடுபிடியாக நின்ற தச்சர் நாற்பதில் பொறுப்பேற்பார், அறுபதில் சொல்லிக்கொடுப்பார் என்பார்கள். வேலை தெரிந்த கை அறுந்துபோகாமல் இருக்கிறது. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அவ்வளவு தூரம் போனாலும் முதன்மைக் கோயிலை முழுதாகப் பார்க்க முடியாது. வேலி மேல் வேலியாக அடைத்திருக்கும், கூரையின் மேல்பகுதிதான் தெரியும். ஏமாற்றமாக இருந்தால் பக்கத்தில் இருக்கிற காலி மனையை எட்டிப் பாருங்கள். அடுத்த முறைக்காகக் கூழாங்கல் பரப்பி வைத்திருப்பார்கள். என்னை அங்கே நிறுத்தி வைத்தது அதுதான்.

ஹிரோஷிமாவுக்குப் போனால் அருங்காட்சியகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் டிராமில் ஏறுங்கள். குண்டு விழுந்த மூன்றாம் நாளே ஒரு பகுதியில் டிராம் ஓட ஆரம்பித்தது. அன்று அடிபட்ட 651, 652 என்ற இரண்டு பெட்டிகள் இன்றும் ஓட்டத்தில் இருக்கின்றன.

மாலியில் ஜென்னே மண் மசூதியையும் சொல்ல ஆசைதான், ஊரே கூடி வருடா வருடம் சேறு பூசிக் காக்கிற கட்டடம். ஆனால் அங்கே இப்போது பாதுகாப்பு இல்லை. போக வேண்டாம், காத்திருங்கள்.

கடைசியாக என் மனசுக்கு மிக நெருக்கமான ஒன்று. பெருவில் ஆண்டிஸ் மலையில், அபூரிமாக் ஆற்றின் மேல், கெஸ்வாசாக்கா என்ற பாலம். முழுக்கப் புல்லால் ஆனது. நீளம் 28 மீட்டர் இருக்கும். ஒரு வருடத்தில் மழையும் வெயிலும் புல்லைத் தின்றுவிடும் என்பதால் ஒவ்வொரு ஜூனிலும் அங்குள்ள கெச்சுவா சமூகத்தவர் கூடிப் புதிதாகக் கட்டுகிறார்கள். இன்கா காலத்திலிருந்து வருகிற பழக்கம். 2020-ல் பெருந்தொற்றால் கூட முடியவில்லை. ஒரே ஒரு வருடம்தான் விட்டது, 2021 மார்ச்சில் பாலம் அறுந்து விழுந்தது. அந்த ஜூனிலேயே திரும்பக் கட்டினார்கள்.

அங்கே ஒரு புல்லை எடுத்து இழுத்துப் பார்த்தேன். பட்டென்று அறுந்தது. அதே புல்லைக் கல்லால் தட்டி, நனைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் திரிக்கிறார்கள். பழைய துண்டு தீரும் இடத்தில் கை நிற்காமலே அடுத்த பிடி புல்லைச் செருகிக்கொள்கிறார்கள். இப்படித் திரித்த விரல் கனத்துக் கயிறுகளை ஒவ்வொரு குடும்பமும் கொண்டுவந்து தருகிறது. அவற்றைப் பலதாகச் சேர்த்து முறுக்கி, பிறகு பின்னி, தொடை கனத்துக்கு வடமாக்கி, பள்ளத்தாக்கின் இரண்டு பக்கமும் நின்று இழுத்துக் கட்டுகிறார்கள். தரைக்கு நான்கு வடம், கைப்பிடிக்கு இரண்டு. பழைய பாலத்தை அறுத்துவிடுகிறார்கள், அது ஆற்றோடு போகிறது.

எல்லா இடத்துக்கும் போக வேண்டாம், ஆர். முதல் பயணத்துக்கு வார்சா, மோஸ்தார் இரண்டும் போதும், ஒவ்வொன்றிலும் நான்கு நாளாவது இருங்கள். மழை பெய்திருந்தால் அக்கா பாலம் ஏற வேண்டாம், கரையிலிருந்தே நன்றாகத் தெரியும். அது முடிந்து தெம்பிருந்தால் அடுத்த வருடம் ஜூனில் பெரு. அந்தப் பாலம் இருக்கும் இடம் 3,700 மீட்டர் உயரம், அதனால் கிளம்புவதற்கு முன்னால் இரண்டு பேரும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே போகும் வழியில் இருக்கும் மலை நகரமான கூஸ்கோவில் மூன்று நாள் சும்மா இருந்து உடம்பைப் பழக்கிக்கொள்ளுங்கள். கடைசி நாள் ஆட்டபாட்டத்துக்குத்தான் எல்லோரும் போவார்கள், நீங்கள் முதல் நாளே போய்விடுங்கள். பாலத்துக்கு இறங்கும் பாதை செங்குத்து. அக்கா இறங்க வேண்டியதில்லை. மேலே சரிவில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருப்பார்கள், அவர்கள் பக்கத்தில் உட்காரட்டும். எனக்கு அப்படித்தான் ஒரு அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்து, ஒரு பிடி புல்லை மடியில் போட்டார்.