குட்டையில் ஊற்றும் மூலிகை டானிக்: இன்னொரு பாட்டில் வாங்கலாமா?

கேள்வி: திருவாரூர் பக்கம் ஒரு ஏக்கர் குட்டையில் கட்லா, ரோகு வளர்க்கிறேன். அதுதான் பிழைப்பு. சில மீன்களுக்கு உடம்பில் சிவந்த புண். கடைக்காரர் கொடுத்த ஒரு லிட்டர் மூலிகை டானிக்கைக் குட்டையில் ஊற்றியும் குணமில்லை. இன்னொரு லிட்டர் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஒரு ஏக்கரில் ஐந்தடி தண்ணீர் நின்றாலே ஏறக்குறைய 60 லட்சம் லிட்டர். அதில் ஒரு லிட்டர் சாறு என்ன செய்துவிடும்? இரண்டு லிட்டரானாலும் அதே கதைதான்.

மூலிகையே வீண் என்று சொல்லவில்லை. ரோகு மீன்களுக்குக் கிலோ தீவனத்தில் 1, 5, 10 கிராம் என்று பூண்டு கலந்து 60 நாள் கொடுத்து, பிறகு புண் நோய் உண்டாக்கும் ஏரோமோனாஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். பூண்டு தின்றவைதான் கூடுதலாகப் பிழைத்தன. ஆனால் அது வருமுன் காக்கும் வேலை. நோய் முற்றிய மீன் தீவனத்தைத் தொடாது. அப்புறம் எதைக் கலந்து என்ன பயன்?

இப்போதைக்கு, புண் வந்த மீன் ஒன்றை உயிரோடு பிடித்து, குட்டைத் தண்ணீரையும் தனி பாட்டிலில் எடுத்துக்கொண்டு மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போங்கள். செத்து நாறிய மீனில் காரணம் தெரியாது.

அடுத்த முறை குஞ்சு விட்டபின், 10 கிலோ தீவனத்துக்கு 100 கிராம் பூண்டை அரைத்து, கஞ்சியில் கரைத்துப் பிசிறி, நிழலில் உலர்த்திப் போடுங்கள். கடைச் சரக்குதான் வேண்டுமென்றால், என்ன செடி, எவ்வளவு, தீவனத்தில் எந்த அளவில் கலப்பது என்று லேபிளில் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், காலாவதி தேதியும் பாருங்கள். 'மூலிகைதானே, கூடினால் என்ன?' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். குஞ்சு விடுமுன் களை மீனைக் கொல்ல நாம் போடும் இலுப்பைப் புண்ணாக்கும் செடியிலிருந்து வந்ததுதான்.

பில் இருக்கிறதா? சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். பில்லையும் காலி பாட்டிலையும் பத்திரப்படுத்தி, கடையில் எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.