நோட்டைக் காட்டுங்கள்: ஆய்வு நேர்மை பற்றிக் கேள்வி பதில்

சார், மரபியலின் முன்னோடி மெண்டல் தன் பட்டாணிச் செடிக் கணக்கில் கைவைத்தார் என்கிறார்களே, உண்மையா?

கைவைத்தார் என்று தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் எண்கள் ஒரு இடத்தில் இடறுகின்றன. 1936-ல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் காட்டிய கணக்கு இது. கலப்புச் செடிகளின் சந்ததியில், ஓங்கு பண்பு (கலப்பிலும் வெளியே தெரியும் பண்பு) தெரியும் செடிகளில் மூன்றில் இரண்டு பங்கு கலப்பு, ஒரு பங்கு தூயது என்பது மெண்டலின் விதி. எது கலப்பு என்று அறிய, ஒவ்வொரு செடியின் 10 விதைகளை வளர்த்தார். பத்தில் ஒன்றாவது ஒடுங்கு பண்போடு (கலப்பில் மறைந்திருக்கும் பண்பு) வந்தால் தாய்ச்செடி கலப்பு.

கலப்புச் செடியின் ஒரு விதை ஓங்கு பண்போடு வர வாய்ப்பு 0.75. பத்தும் அப்படியே வந்துவிட 0.75-ஐப் பத்து முறை பெருக்குங்கள்: 0.056. அதாவது கலப்புச் செடிகளில் நூற்றுக்கு ஐந்தாறு, ‘தூயது’ என்று தப்பாகப் பதிவாகியே தீரும். 600 செடிகளில் 400 கலப்பு என்றால் நோட்டில் ஏறவேண்டியது ஏறக்குறைய 378. மெண்டல் தந்த எண் 399. முறையில் இருக்கும் ஓட்டையைக் கணக்கில் சேர்க்காத எதிர்பார்ப்போடு அச்சாகப் பொருந்துகிறது! விடையை முன்பே அறிந்த உதவியாளர் எண்ணியிருக்கலாம். பத்துக்கு மேல் விதைத்திருக்கலாம். விதி சரி என்பதில் மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லை.

கட்டுரை அச்சாகும் முன் நடக்கும் சக ஆய்வாளர் மதிப்பீட்டில் மோசடி பிடிபடாதா?

பெரும்பாலும் பிடிபடாது. மதிப்பீட்டாளர் கையில் இருப்பது கட்டுரை, கச்சாத் தரவு அல்ல. எழுதியவர் சொன்னதை உண்மையிலேயே அளந்திருக்கிறார் என்று நம்பித்தான் படிக்கிறார்.

புள்ளியியல் தெரியாத நான் ஒரு அட்டவணையைச் சோதிக்க வழி உண்டா?

கூட்டல், பெருக்கல் போதும். நிக் பிரௌன், ஜேம்ஸ் ஹீதர்ஸ் இருவரும் ‘கிரிம்’ என்று பெயர் வைத்த சோதனை. 1 முதல் 5 வரை முழு எண்ணாக மதிப்பெண் தரும் ஒரு கேள்வி; பதில் சொன்னவர்கள் 17 பேர்; சராசரி 3.48 என்று அச்சாகியிருக்கிறது. 17-ஐ 3.48-ஆல் பெருக்கினால் 59.16. மொத்தம் முழு எண்ணாகத்தான் இருக்க முடியும். 59 என்றால் சராசரி 3.47, 60 என்றால் 3.53. நடுவில் 3.48 வர வழியே இல்லை.

உடனே மோசடி என்று கத்திவிடாதீர்கள். ஒருவர் அந்தக் கேள்வியை விட்டிருந்தால் வகுக்கும் எண் 16 ஆகிவிடும்: 3.50 வரும், 3.48 அப்போதும் வராது. 15 பேர் என்றால் 3.47-ம் 3.53-ம்தான். ஆனால் மதிப்பெண் என்பது நான்கு கேள்விகளின் சராசரி என்றால் 17-க்குப் பதில் 68-ஆல் சோதிக்க வேண்டும். 237-ஐ 68-ஆல் வகுத்தால் 3.485, அதைக் கீழ்நோக்கி வெட்டியவருக்கு 3.48 கிடைத்துவிடும். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் கட்டுரை எழுதியவருக்கு மெயில். இன்னொன்று, இரண்டு தசமம் கொடுத்த சராசரிக்கு ஆட்கள் 100-க்குள் இருந்தால்தான் இந்தச் சோதனைக்குப் பல் உண்டு.

படங்களில் எதைப் பார்ப்பது?

பின்னணியை. எலிசபெத் பிக் குழுவினர் 20,621 கட்டுரைகளைக் கண்ணால் பார்த்து 2016-ல் சொன்ன கணக்கு: 3.8 சதவீதத்தில் சந்தேகத்துக்குரிய படங்கள். படத்தைப் பெரிதாக்கி, கான்ட்ராஸ்டை ஏற்றி, தூசிப் புள்ளி, கறை, ஓரக் கீறல் வேறெங்கும் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். கண்ணாடிப் பிம்பமாகவும், 180 பாகை திருப்பியும் பாருங்கள். ஜேபெக் சுருக்கம் 8×8 கட்டங்களை உண்டாக்கும். அதை ஒட்டுவேலை என்று எண்ணி ஏமாறுபவர்கள் நிறைய.

வரைபடத்துக்கும் இதேதான். பெல் ஆய்வகத்தின் இயற்பியலாளர் யான் ஹென்ரிக் ஷோன் 2002-ல் மாட்டியது இரைச்சலில், அதாவது அளவீட்டில் தற்செயலாக வரும் நடுக்கத்தில்: வெவ்வேறு சோதனைகளின் கோடுகளில் ஒரே நடுக்கம், புள்ளிக்குப் புள்ளி. சிக்னல் ஒன்றுபோல வரலாம், இரைச்சல் வராது. விசாரணைக் குழு கேட்டபோது லேப் நோட்டும் இல்லை, கச்சாக் கோப்பும் இல்லை. கணினியில் இடமில்லாமல் அழித்தேன் என்றார். 24 குற்றச்சாட்டுகளில் 16 உறுதியாயின.

எண்ணெய்த் துளிகளை வைத்து எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த மில்லிகனும் தனக்குப் பிடித்த துளிகளைப் பொறுக்கினார்தானே? அவரை மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்?

நியாயமான கேள்வி. 1913 கட்டுரையில் 58 துளிகள். 60 நாட்களில் சோதித்த அத்தனையும் இவைதான் என்று எழுதினார். நோட்டில் அதைவிட அதிகம். அந்த ஒரு வாக்கியம் பொய், சப்பைக்கட்டு வேண்டாம். ஆனால் விட்ட துளிகளைச் சேர்த்தாலும் சராசரி பெரிதாக நகராது, பிழை வரம்பு மட்டும் அகலும். மின்னூட்டத்துக்கு அவர் தந்த மதிப்பு இன்றையதைவிட 0.6 சதவீதம் குறைந்ததற்குக் காரணம் வேறு: காற்றின் பாகுத்தன்மைக்கு எடுத்த எண் தப்பு. இதையெல்லாம் நாம் பேச முடிவதே அவர் நோட்டைக் கிழிக்காததால்தான்.

நான் எம்.எஸ்சி. மாணவி. நோட்டு எப்படி எழுத வேண்டும், அண்ணா?

தைத்த நோட்டு, பக்க எண், பேனா. தப்பை ஒரே கோட்டால் அடியுங்கள்மா, கீழே இருப்பது படிக்கும்படி இருக்கட்டும். பக்கத்தில் தேதி, காரணம். ஒயிட்னர் கூடாது. கருவி தந்த கோப்பை அன்றே ‘படிக்க மட்டும்’ என்று பூட்டி, இரண்டாவது இடத்தில் நகல் வையுங்கள். வேலையெல்லாம் இன்னொரு நகலில். எந்த அளவீட்டைத் தள்ளுவோம், எத்தனை மாதிரியோடு நிறுத்துவோம் என்பதை அளக்கும் முன்பே எழுதுங்கள். 0.05 வரம்பில் (தற்செயலாகவே ‘வெற்றி’ வர நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு) தொடர்பற்ற 20 சோதனை செய்தால், ஒன்றுமே இல்லாத இடத்திலும் ஒன்றாவது ‘வெற்றி’ தர 64 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றை மட்டும் எழுதுபவர் பெரும்பாலும் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருப்பார்.

ஸ்டாலின் காலச் சோவியத் வேளாண் ஆய்வாளர் லைசென்கோவை அறிவியல் உலகம் ஏன் தடுக்கவில்லை?

தடுத்தவர்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். தாவர மரபியலாளர் வவிலோவ் 1940-ல் கைதானார், 1943-ல் சரதோவ் சிறையில் இறந்தார். விதையை நனைத்துக் குளிரவைத்தால் குளிர்காலக் கோதுமை வசந்தத்தில் விதைத்தாலும் கதிர்விடும். அது உண்மை, லைசென்கோவுக்கு முன்பே தெரிந்தது. அந்த மாற்றம் அடுத்த தலைமுறைக்கும் போகும் என்றதுதான் புரட்டு. விளைச்சல் கூடியதற்குச் சான்று பண்ணைகள் நிரப்பி அனுப்பிய படிவங்கள். மேலிடத்துக்குப் பிடித்த எண்ணைத்தானே எழுதுவார்கள்? 1948 ஆகஸ்டில் வேளாண் அகாடமிக் கூட்டத்தில், என் அறிக்கையைக் கட்சியின் மத்தியக் குழு பார்த்து ஒப்புக்கொண்டது என்றார் லைசென்கோ. விவாதம் அங்கேயே முடிந்தது.

கடைசியாக ஒன்று: ஒரு அரசின் மக்கள்தொகை எண் பொய்யா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். பழைய எண்ணோடு பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழித்து, குடிபெயர்வைச் சரிசெய்தால் புதிய எண் வரவேண்டும். சோவியத் மக்கள்தொகை என்று 1934-ல் ஸ்டாலின் சொன்னது 16.8 கோடி. 1937 ஜனவரி 6 கணக்கெடுப்பில் வந்தது 16.2 கோடி. 1932-33 பஞ்சத்தில் போன உயிர்கள் அந்த எண்ணில் தெரிந்தன. கணக்கெடுப்பே குறைபாடு என்று அறிவித்து, அதை நடத்தியவர்களில் புள்ளியியலாளர் கிவித்கினைச் சுட்டுக் கொன்றார்கள். 1939-ல் வேறொரு கணக்கெடுப்பு, 17 கோடி.

மொத்தத்தை மாற்றுவது எளிது, வயதுவாரிப் பட்டியலை மாற்றுவது கஷ்டம். 1959 கணக்கெடுப்பின் வயது அட்டவணையை எடுத்து, 25 வயதுக்காரர்கள் வரிசையைப் பாருங்கள். 1933-ல் பிறக்காமல் போனவர்களின் பள்ளம் அங்கே இருக்கிறது.