பட்டறைப் பக்கம்: இறுகிப்போன ஒட்சிசன் சென்சர்

கேள்வி: ஐயா, தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறேன். ஜப்பானில் இருந்து வந்த பழைய பெற்றோல் வேன். இரண்டு மாதமாக என்ஜின் லைட் எரிகிறது, பெற்றோலும் கூடக் குடிக்கிறது. ஸ்கேன் பண்ணியதில் பி 0135 என்று வந்தது. ஒட்சிசன் சென்சரை மாற்றச் சொன்னார்கள், புதியதும் வாங்கிவிட்டேன். ஆனால் பழையது அசையவே இல்லை. ஸ்பேனர் போட்டு இழுத்ததில் முனைகள் தேயத் தொடங்கிவிட்டன. சென்சர் பூட்டியிருக்கும் சைலன்சர் குழாயையே வெட்டி மாற்ற வேண்டும் என்கிறார் ஒரு பாஸ். அந்தச் செலவு எனக்குத் தாங்காது.
வாசகர், தலவாக்கலை

பதில்: தம்பி, முதலில் அந்த ஸ்பேனரை எடுத்து உள்ளே வையுங்கள். இனி ஒரு தடவைகூட அதைப் போட்டு இழுக்க வேண்டாம். முனைகள் தேயத் தொடங்கிய நிலையில் இன்னும் பிடி மிச்சம் இருக்கிறது, அந்த மிச்சத்தை வைத்துத்தான் இதைக் கழற்றப் போகிறோம். குழாயை வெட்டும் அளவுக்கு நீங்கள் இன்னும் வரவில்லை.

புதியது வாங்கிவிட்டீர்கள் என்றாலும் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் பாருங்கள். ஒட்சிசன் சென்சர் என்பது சைலன்சர் புகையில் மிஞ்சும் ஒட்சிசனை அளந்து என்ஜினின் கணினிக்குச் சொல்லும் பாகம், அதைச் சூடேற்ற உள்ளே ஒரு ஹீட்டர் இருக்கும். பி 0135 என்பது என்ஜினுக்குப் பக்கத்தில், புகையைச் சுத்தம் பண்ணும் கட்டலிட்டிக் கொன்வேட்டருக்கு முன்னால் உள்ள முதல் சென்சரின் ஹீட்டர் சுற்றில் பிழை என்று அர்த்தம். பின்னால் உள்ள சென்சர் என்றால் பி 0141 வரும், இரண்டையும் மாற்றிக் குழம்பி நல்லதைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹீட்டரின் பியூஸ் போயிருந்தாலும் இதே எண்தான் வரும். பியூஸைப் பாருங்கள், வயர் எங்காவது சைலன்சரில் பட்டு உருகியிருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் பிளக்கைக் கழற்றி, சென்சர் பக்கத்தில் ஒரே நிறத்தில் இரண்டு வயர் இருக்கும், அவற்றுக்கு இடையே மீற்றர் வைத்துப் பாருங்கள். சில ஓம் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது, கோளாறு வேறு எங்கோ. ஒன்றுமே காட்டாவிட்டால் சென்சர் போய்விட்டது, சரி, கழற்றத்தான் வேண்டும்.

அது ஏன் இப்படி இறுகுகிறது? சென்சரின் மரையும் குழாயில் வெல்டிங் பண்ணி வைத்திருக்கும் தடித்த வளையத்தின் மரையும் வருடக்கணக்காகச் சூடேறி, ஆறி, ஈரம் பட்டு, துரு ஏறி ஒன்றோடொன்று கடித்துக்கொள்கின்றன. நம் பக்கத்தில் மாதக்கணக்கில் மழையும் மூடுபனியும். லயத்தில் இருந்து பள்ளிக்கூடம் வரை மூன்று நான்கு கிலோமீற்றர் ஓடி நிறுத்தும் வேனில் சைலன்சர் சரியாகச் சூடேறி உள்ளே உள்ள ஈரம் காய்வதற்குள் என்ஜின் நின்றுவிடுகிறது. ஜப்பானில் பனி விழும் பகுதிகளில் ஓடிய வண்டி என்றால் அங்கே வீதியில் போடும் உப்பும் அடிப்பக்கத்தைத் தின்றிருக்கும்.

இப்போது வேலை. இதை ஒரு நாளில் முடிக்க நினைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, வண்டி நன்றாக ஆறிய பிறகு, மரை தெரியும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் பண்ணி, துருவுக்குள் ஊறும் எண்ணெய் அடியுங்கள். இரவு ஒரு தடவை, மறுநாள் காலை ஒரு தடவை. சூடான சைலன்சரில் இதை அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும். நிறுத்துகிற இடத்தையும் கவனியுங்கள். சரிவில் வேண்டாம், காய்ந்த மானாப் புல்லின் மேல் வேண்டாம். சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் வைத்து, ஸ்டாண்டில் தாங்கக் கொடுத்த பிறகுதான் அடியில் போக வேண்டும். மலைநாட்டில் ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கிற பழக்கத்தை எப்போது விடப்போகிறோமோ தெரியவில்லை, நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது.

சனிக்கிழமை, எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு என்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். கொஞ்சம் புகையும், பக்கத்திலேயே நில்லுங்கள். கை சுடாத அளவுக்கு ஆற விடுங்கள், ஆனால் முழுதாகக் குளிர விடாதீர்கள். இளஞ்சூட்டில் கழறுவது குளிரில் கழறாது. பழைய சென்சர் எப்படியும் குப்பைக்குத்தான் போகப்போகிறது, அதனால் பிளக்கைக் கழற்றி வயரை வெட்டிவிட்டு, 22 மில்லிமீற்றர் ஆறுமுனை ரிங் ஸ்பேனரையோ ஆழமான ஆறுமுனை சொக்கெட்டையோ முழுதாக உள்ளே இறக்குங்கள். பன்னிரண்டு முனை உள்ளது வேண்டாம், தேய்ந்த முனையில் அது வழுக்கும். சென்சருக்கென்றே பக்கத்தில் வெட்டு விட்ட சொக்கெட் விற்கிறார்கள், வயர் நுழைய வசதிதான், ஆனால் பெரிய பலம் கொடுத்தால் அந்த வெட்டு விரிந்து மிச்ச முனையையும் தின்றுவிடும். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை தள்ளுங்கள். துருவின் பிடி அங்கேதான் உடையும். அப்புறம் கழற்றுகிற பக்கம், ஒரே சீரான பலத்தில், வெட்டி இழுக்காமல். அசைந்தால் உடனே முழுதாகத் திருப்பிவிடாதீர்கள். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, எண்ணெய் ஒரு சொட்டு, மறுபடி. கீச்சென்று சத்தம் போட்டு இறுகினால் நிறுத்திப் பின்னால் போங்கள். ஒரு மணித்தியாலம் ஆனாலும் பரவாயில்லை.

இதற்கும் வரவில்லை என்றால் காஸ் வெல்டிங் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள், குழாயை வெட்ட இல்லை, சூடு காட்ட. அங்கே ஊறிய எண்ணெய் இன்னும் கிடந்தால் முதலில் துடைத்துவிடச் சொல்லுங்கள். சூட்டைச் சென்சருக்குக் காட்டக் கூடாது. அதைச் சுற்றியுள்ள வளையத்துக்குத்தான் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். வளையம் விரிய வேண்டும், சென்சர் விரியக் கூடாது, முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. உருக்குக் குழாய் என்றால் மங்கிய சிவப்பு வரும் வரை போகலாம். சென்சர் இருப்பது என்ஜினோடு சேர்ந்த வார்ப்பிரும்பு மெனிபோல்ட்டில் என்றால் அவ்வளவு வேண்டாம், மெதுவாகப் பரவலாக, இல்லாவிட்டால் வெடிப்பு விழும். பக்கத்தில் பெற்றோல் குழாய், பிரேக் ஹோஸ் ஓடுகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு வாளி மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சிவப்பு அடங்கியதும் ஒரு மெழுகுதிரியை மரை ஓரத்தில் தொட்டால் மெழுகு உருகித் தானே உள்ளே இழுபடும். கைச் செலவில்லாத இந்த வேலை எனக்கு எத்தனையோ தடவை கை கொடுத்திருக்கிறது.

நான் வேலை பழகிய காலத்தில் ஹட்டனில் ஒரு வேனில் சூடு காட்டாமல் ஸ்பேனருக்கு நீளக் குழாய் மாட்டி இழுத்தேன். சென்சரின் தலை மட்டும் கையோடு வந்தது, மரைப் பாகம் உள்ளேயே நின்றுவிட்டது. குழாயை இறக்கி, துளையிட்டு, மிச்சத்தைச் சுரண்டி எடுக்க ஒரு நாள் முழுக்கப் போனது. அந்த வண்டிக்காரருக்கு அன்றைய ஓட்டம் இல்லை, கூலியும் இல்லை. உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

கழன்ற பிறகு வளையத்தின் மரை சிதைந்திருந்தாலும் பயப்படாதீர்கள். பெரும்பாலான சென்சரின் மரை 18 மில்லிமீற்றர், 1.5 பிட்ச். மரை வெட்டும் கருவியான டாப்பில் அந்த அளவை எடுத்து, கிரீஸ் பூசி மெதுவாக விட்டு எடுத்தால் துருத்தூள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வரும், கொன்வேட்டருக்குள் விழாது. மரை மொத்தமாகப் போயிருந்தால் புதிய வளையம் ஒன்றை வெல்டிங் பண்ணலாம், அதுவும் குழாய் மாற்றுவதைவிட மலிவுதான்.

கேள்வி: ஐயா, கராஜில் வேலை பழகுகிறேன். புதிய சென்சர் பூட்டும்போது மரைக்குக் கிரீஸ் பூசலாமா? வயர் வெட்டி ஒட்டுகிற பொதுச் சென்சர் மலிவாகக் கிடைக்கிறதே, அது பரவாயில்லையா?
வாசகர், பண்டாரவளை

பதில்: சாதாரண கிரீஸ் வேண்டாம், எரிந்து கரியாகி மரையை இன்னும் மோசமாகப் பிடிக்கும். அதிகச் சூடு தாங்கும் செம்பு அல்லது நிக்கல் பசை இருக்கிறது, அதை மரையில் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள். பல சென்சர்களில் தடவியே வரும், முதலில் பாருங்கள். நுனியில் ஒரு பொட்டும் படக் கூடாது, சிலிக்கன் கிட்டவே வரக் கூடாது, சென்சர் அதிலேயே கெட்டுவிடும். கையால் முழுதாகத் திருகி உட்காரவைத்த பிறகுதான் ஸ்பேனர். ஏறக்குறைய 40 நியூட்டன் மீற்றர் போதும். வயர் முறுகாமல் இருக்க, பூட்டி முடித்த பிறகே பிளக்கைக் கொழுவுங்கள்.

பொதுச் சென்சரைப் பொறுத்தவரை, வயரை ஈயம் வைத்து ஒட்டாதீர்கள். பல சென்சர்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்றை வயருக்குள் வழியாகத்தான் இழுக்கின்றன, ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். நசுக்கிப் பூட்டும் இணைப்புத்தான் சரி. சில வண்டிகளில் முன்னால் இருப்பது எயார் பியூல் சென்சர் என்ற வேறு வகை, மரையும் உருவமும் ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றுக்கு மற்றது வேலை செய்யாது. பாகத்தின் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: என்னுடையது கார்புரேட்டர் உள்ள பழைய ஆட்டோ. நுவரெலியாவுக்கு ஏறினால் கரும்புகை வருகிறது. எனக்கும் இந்தச் சென்சர் பிரச்சினையா?
வாசகர், மஸ்கெலியா

பதில்: இல்லை, உங்கள் வண்டியில் அந்தச் சென்சரே கிடையாது. நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரம், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சென்சர் உள்ள வண்டி காற்றின் குறைவை அறிந்து பெற்றோலைக் குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, கீழே கொடுக்கிற அளவையே மேலேயும் கொடுக்கும், எரியாத மிச்சம் கரும்புகையாக வரும். எயார் பில்டரை முதலில் மாற்றுங்கள், அடைபட்ட பில்டர் இதை இன்னும் கூட்டும். பிறகும் புகைந்தால் கார்புரேட்டரை உங்கள் ஊரிலேயே, நீங்கள் அதிகம் ஓடுகிற உயரத்தில் வைத்தே டியூன் பண்ணச் சொல்லுங்கள். கொழும்பில் டியூன் பண்ணிக்கொண்டு வந்தால் இங்கே மறுபடி புகைக்கும்.