டியூஷன் வகுப்புக்கு இலவச மென்பொருள் போடலாமா?

சுங்கை சிப்புட்டில் டியூஷன் நடத்தும் ஒரு தங்கச்சி கேட்கிறார்: "நாலு பழைய கணினி இருக்கு. கடைக்காரர் கிராக் போட்ட ஆபிஸ் ஏத்தித் தரேங்கிறார். அதுக்குப் பதிலா இலவசமா கிடைக்கிறதைப் போட்டா சிக்கல் வருமா?"

உரிமத்தைப் படித்துவிட்டுப் போட்டால் வராது தங்கச்சி. கிராக், அதாவது காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த மென்பொருள், மட்டும் வேண்டவே வேண்டாம். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பொருந்தும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, கிராக் கோப்புக்குள் கடவுச்சொல் திருடும் நிரல் ஒளிந்திருக்கலாம் என்பது. பிள்ளைகளின் அடையாள அட்டை எண்ணும் பெற்றோரின் கைப்பேசி எண்ணும் அந்தக் கணினியில்தானே இருக்கும்!

காசில்லாமல் கிடைப்பதெல்லாம் ஒன்றல்ல. தூரத்திலிருந்து இன்னொரு கணினியை இயக்க உதவும் டீம்வியூவரின் இலவசப் பதிப்பு சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். கட்டணம் வாங்கும் வகுப்பு அதில் சேராது. கட்டற்ற மென்பொருள் வேறு. எதற்கும் பயன்படுத்தலாம், நகலெடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஆபிஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லிப்ரே ஆபிஸ் இந்த வகைதான், அதன் உரிமம் மொசில்லா பொது உரிமம் 2.0. நாலு கணினி என்ன, நாற்பதிலும் போடுங்கள்.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் எழுதிய ஜிபிஎல், கட்டற்ற மென்பொருள் பலவற்றுக்கு உள்ள உரிமம்; அதைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். நிரலை மாற்றியோ மாற்றாமலோ பிறருக்குக் கொடுப்பவர்தான் மூல நிரலையும், அதாவது நிரலர் எழுதிய வரிகளையும், அதே உரிமத்தில் தர வேண்டும். வெறுமனே பயன்படுத்துபவருக்கு அந்தக் கடமை இல்லை.

தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தட்டாதீர்கள், போலித் தளங்கள் அங்கேயும் வரும். அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒருமுறை இறக்கி, பென்டிரைவில் வைத்து நாலிலும் ஏற்றுங்கள். தோட்டப் பக்கம் லைன் மெதுவாக இருந்தாலும் வேலை முடிந்துவிடும்.